புழு குளவியாகாது

என் அன்புக்குரிய மிஸ்டர் பிள்ளை அவர்களுக்கு,

எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று செகந்திராபாத்தில் சிலரும் சென்னையில் சிலரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. கான்வென்ட்டில் எனக்குத் தமிழ் கற்றுத் தரவில்லை என்பது உண்மை. கல்யாணமான பிறகுதான் எழுத்துக் கூட்டிப் படித்தேன் என்பதும் உண்மை. இன்றைக்கு எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும், எழுதத் தெரியும், அடுத்தவர் எழுதியதில் எது பொய் என்று கண்டுபிடிக்கவும் தெரியும். கடைசியாகச் சொன்னதுதான் அவர்களுக்குத் தொந்தரவு.

இன்னொன்றும் சொல்கிறார்களாம். அட்டையில் என் பெயரைப் போடவில்லை என்ற கோபத்தில் உங்கள் புத்தகத்தின் மறுபதிப்பை முடக்கி வைத்திருக்கிறேனாம். நான் யாரிடமும் என் பெயரைக் கேட்கவில்லை. இரண்டு பக்கங்களைக் கேட்டேன். உங்கள் புத்தகத்தில் இருந்து, இப்போது வெட்டி எறியப்பட்டுவிட்ட இரண்டு பக்கங்கள். அவை திரும்பி வந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

தமிழ் மன்றத்தின் ஆண்டு மலருக்காக உங்களைப் பற்றி நாலு வரி கேட்டார்கள். "உருக்கமா இருந்தாப் போதும்மா, மத்ததை நாங்க சரி பண்ணிக்கிறோம்" என்றார் செயலாளர். நாலு வரியில் அடங்குகிற மனிதரை நான் கட்டிக்கொள்ளவில்லை. இதில் சரி பண்ணுவதற்கு ஒன்றுமில்லை என்பதையும் செயலாளருக்கு இங்கேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

உங்களை ஏன் இப்படிக் கூப்பிடுகிறேன் என்று மலரைப் படிக்கிறவர்கள் யோசிப்பார்கள். பேர் சொல்லக்கூடாது என்றாள் என் அம்மா. 'ஏங்க', 'இந்தாங்க' என்பதெல்லாம் மாடு ஓட்டுகிற சத்தம் என்றது என் கான்வென்ட் மூளை. முதல் சில நாட்கள் உங்களை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே காலம் தள்ளினேன். பிறகு ஒருநாள் பால் பொங்கி வழிந்த அவசரத்தில் "மிஸ்டர் பிள்ளை" என்று கத்தினேன். நீங்கள் சிரித்துக்கொண்டே வந்து அடுப்பை அணைத்தீர்கள். அதுவே நிலைத்துவிட்டது.

நீங்கள் திருநெல்வேலியிலிருந்து இங்கே மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த இன்ஜினியர். நான் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பத்துப் பெண், விலங்கியல் பட்டதாரி. பெண் பார்க்க வந்த உங்கள் அம்மா என் படிப்பை விசாரித்துவிட்டு, "தவள அறுத்த கையாலயா எம்புள்ளைக்குச் சோறு போடுவா?" என்று கேட்டார். "கரண்டியால் போடுவேன்" என்றேன். அந்தப் பதிலுக்காகத்தான் என்னைக் கட்டிக்கொண்டதாக நீங்கள் பலரிடம் சொல்லியிருக்கிறீர்கள். அது உண்மையா என்று இனி நான் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாத விஷயங்கள் உங்கள் விஷயத்தில் கூடிக்கொண்டே போகின்றன.

நீங்கள் உயிரியல் படித்தவரில்லை. நூலகத்து இங்கிலீஷ் புத்தகங்களைப் படித்துப் பித்துப் பிடித்தவர். அந்த மாதிரி தமிழில் ஒன்று எழுத வேண்டும் என்று முதலில் சிங்கத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தீர்கள். ஞாபகம் இருக்கிறதா?

"நக்கோ மிஸ்டர் பிள்ளை" என்றேன், வேண்டாம் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல். "சிங்கத்தை எங்க பாத்தீங்க? ஜூவில தூங்கிட்டிருந்ததைத்தானே?"

"அப்ப எதப் பத்திதான் எழுத?"

"இந்த வீட்டுக்குள்ள வாடகை குடுக்காம யாரெல்லாம் இருக்காங்களோ அவங்களைப் பத்தி எழுதுங்க."

அப்படி வந்ததுதான் உங்கள் புத்தகம். சர்க்கரை டப்பாவுக்கு வரும் எறும்பு, டியூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருக்கும் பல்லி, வேப்பமரத்துக் குயில், ஜன்னல் குளவி. ஹைதராபாத்தில் ஒரு காலனி வீட்டுக்குள்ளும் அதைச் சுற்றியும் இருக்கிற உயிர்கள், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் ஒரு வேலைமுறை இருந்தது. நீங்கள் எழுதுவீர்கள். நான் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் குறிப்பேன். நாம் கண்ணால் பார்த்திருந்தால் ஒரு டிக். பார்க்காமல் எங்கோ படித்ததென்றால் ஒரு வட்டம். வட்டம் போட்ட வரி வெளியே போக வேண்டும், இல்லையென்றால் பிறர் சொன்னது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் நீங்கள் வாசித்துக்காட்டினீர்கள், நான் கேட்டுக் குறித்தேன். என்னிடம் மாட்டக்கூடிய வரிகளை வாசிக்காமல் தாண்டிப் போகிறீர்கள் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. உங்களைப் பிடிப்பதற்காகத்தான் மிஸ்டர் பிள்ளை நான் தமிழ் எழுத்துக் கற்றேன். மொழிப் பற்றெல்லாம் பிறகு வந்தது.

நான் வளர்ந்த பள்ளியின் பழக்கம் அது. விலங்கியல் எடுத்த சிஸ்டர் குச்சியால் மேஜையைத் தட்டி, நீ என்ன நினைக்கிறாய் என்று நான் கேட்கவில்லை, என்ன பார்த்தாய் என்று கேட்டேன் என்பார். அதே சிஸ்டர்தான் பாடப்புத்தகத்தில் இனப்பெருக்கம் வரும் பக்கங்களை ஒவ்வொரு பெண்ணின் புத்தகத்திலும் மைதாப் பசை போட்டு ஒட்டியும் கொடுத்தார். விடுதிப் பெண்கள் வெந்நீர் ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்தோம். இதை நான் சொன்னபோது நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். இப்போது சிரிக்க மாட்டீர்கள்.

குளவிக்கு வருகிறேன்.

காலனி வீட்டு முன்னறை ஜன்னல் சட்டத்தில் ஒரு குளவி மண் கூடு கட்டியது. மண்ணை அமுக்கும்போது ஓர் இரைச்சல். பிறகு பச்சைப் புழுக்களைத் தூக்கி வந்து உள்ளே வைத்தது, வாயை மண்ணால் மூடியது, போய்விட்டது. நீங்கள் உடனே உங்கள் ஊரில் சொல்வதை எழுதினீர்கள். குளவி புழுவைக் கொட்டிக் கொட்டி, காதில் ஓதி ஓதி, தன்னைப் போலவே குளவியாக்கிவிடும் என்று. அழகான தமிழ். நான் அந்தப் பத்தி முழுவதற்கும் ஒரு பெரிய வட்டம் போட்டேன்.

"ஏளா, இது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்லா" என்றீர்கள்.

"எல்லாருக்கும் தெரியும். யார் பார்த்தது?"

நகவெட்டியின் அரத்தால் கூட்டின் ஓர் அறையைப் பக்கவாட்டில் திறந்தேன். என் கல்லூரிக் காலத்து மைக்ராஸ்கோப் கண்ணாடித் துண்டு ஒன்றை மெழுகு வைத்து அதன்மேல் ஒட்டினோம். வெளிச்சம் படாமல் கறுப்புத் தாள். காலையில் தொழிற்சாலை பஸ் வருவதற்கு முன் தாளைத் தூக்கிப் பார்ப்போம். கூரையிலிருந்து நூல் மாதிரி ஒன்றில் ஒரு முட்டை தொங்கியது. கீழே பச்சைப் புழுக்கள், செத்தவை அல்ல. தொட்டால் நெளியும், ஆனால் நகராது. முட்டை பொரிந்து வெள்ளையாக ஒரு குட்டிப் புழு வந்தது. அது பச்சைப் புழுக்களை ஒவ்வொன்றாக, உயிரோடு, தின்றது. தின்று பெருத்துக் கூடு நூற்று உள்ளே ஒடுங்கி, பிறகு குளவியாக வெளியே வந்தது.

பச்சைப் புழு எதுவாகவும் ஆகவில்லை. அது சாப்பாடு.

அன்றைக்கு உங்களால் இட்லி சாப்பிட முடியவில்லை. "பாவம்" என்றீர்கள். "யாரு பாவம்? ரெண்டும் புழுதான், ரெண்டுக்கும் பசி" என்றேன். நீங்கள் தட்டைத் தள்ளிவிட்டுப் போய் எழுத உட்கார்ந்தீர்கள். பஸ்ஸை விட்டீர்கள். நீங்கள் எழுதியதிலேயே நல்ல இரண்டு பக்கங்கள் அவைதான். அவற்றில் நீங்கள் ஊர்க்காரர்களைக் கேலி செய்யவில்லை. புழு உள்ளே போவதைப் பார்த்தார்கள், குளவி வெளியே வருவதைப் பார்த்தார்கள், நடுவில் நடந்ததைத் தங்கள் ஆசையால் நிரப்பிக்கொண்டார்கள் என்று எழுதினீர்கள். அந்தப் பக்கங்களில் ஒவ்வொரு வரிக்கும் நான் டிக் போட்டேன். வட்டமே இல்லாத பக்கங்கள் உங்கள் வாழ்நாளில் அந்த இரண்டுதான்.

இனி நீங்கள் போன பிறகு நடந்தது.

உங்கள் முதலாண்டு நினைவுக் கூட்டத்தை மன்றத்தில் நடத்தினார்கள். என்னை முன்வரிசையில் உட்காரவைத்துச் சால்வை போர்த்தினார்கள். வியர்த்துக் கொட்டியது. சென்னையிலிருந்து உங்கள் பதிப்பாளர் செல்வம் வந்திருந்தார். பழைய பதிப்பகத்தைப் பிற்பாடு எடுத்து நடத்துகிறாரே, உங்களை ஐயா ஐயா என்று கூப்பிடுவாரே, அவர்தான். உங்கள் புத்தகத்தைப் புதிய வடிவில், பள்ளிக்கூடங்களுக்கு ஏற்ற மாதிரி கொண்டுவரப் போவதாக அறிவித்தார். கைத்தட்டல். கைதட்டியவர்களில் எத்தனை பேர் பழைய வடிவில் படித்தார்கள் என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு செல்வம் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா ஒரு குளவி. நாங்க எல்லாம் புழுக்கள். கொட்டிக் கொட்டி, கொட்டிக் கொட்டி, எங்களையும் குளவியா மாத்தினவர் ஐயா."

மண்டபமே உருகியது. பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நான் எழுந்து மேடைக்குப் போனேன். நன்றி சொல்லப் போகிறேன் என்று நினைத்து மைக்கைத் தாழ்த்திக் கொடுத்தார்கள்.

"புழு குளவியாகாது" என்றேன். "குளவியின் குஞ்சு புழுவைத் தின்னும். இவர் புத்தகத்தில் இருக்கிறது. தயவுசெய்து படியுங்கள்."

இறங்கி வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைப் பிடித்து, "பாவம், துக்கம்" என்றாள். துக்கம் இல்லை அம்மா, விலங்கியல்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உடம்பு சரியில்லை என்றும், தமிழ் தெரியாது என்றும், அந்தப் பேச்சின் நயம் கான்வென்ட்காரிக்குப் புரியவில்லை என்றும் கிளம்பிற்று.

எனக்கு அன்றே சந்தேகம் வந்துவிட்டது. மெய்ப்புப் பிரதியைப் பார்க்காமல் உரிமைக் கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். தாமதப்படுத்தி, மன்றாடி, கடைசியில் அனுப்பினார்கள். பழைய புத்தகத்தை இடப்பக்கமும் மெய்ப்பை வலப்பக்கமும் வைத்து, வரிக்கு அடியில் ஸ்கேல் பிடித்து, ஒவ்வொன்றாகப் படித்தேன்.

குயிலில் கைவைத்திருந்தார்கள். கறுப்பாக இருந்து கூவுவது ஆண், புள்ளி போட்டது பெட்டை என்று நீங்கள் எழுதியதை, கூவுவது பெட்டை என்று திருத்தியிருந்தார்கள். ஏனென்று கேட்டதற்கு, பாட்டுகளில் எல்லாம் அப்படித்தானே வருகிறது என்றார் செல்வம். பறவையைவிடப் பாட்டுக்கு அதிகம் தெரியும் போலிருக்கிறது.

முன்னுரையில், பிரதியைத் தட்டச்சு செய்தும் காபி கொடுத்தும் உதவிய துணைவியார் என்று என்னைக் குறிப்பிட்டிருந்தார்கள். எனக்குத் தமிழ்த் தட்டச்சு தெரியாது. தட்டச்சு செய்தது நீங்கள். காபியும் முக்கால்வாசி நாள் நீங்கள்தான் போட்டீர்கள், நான் போட்டால் தண்ணீர் என்பீர்கள். இதற்கு நான் கோபப்படவில்லை. ஓரத்தில் ஒரு வட்டம் மட்டும் போட்டேன்.

குளவியில்தான் கை நின்றுவிட்டது. கூடு கட்டுகிறது, புழுவை வைக்கிறது, மூடுகிறது. அதோடு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கத்தில் நம் ஜன்னல் இல்லை, கண்ணாடித் துண்டு இல்லை, முட்டை இல்லை. அதற்குப் பதிலாக, குளவி புழுவைத் தன்னைப் போலவே ஆக்கிவிடுகிறது என்று நம் முன்னோர் கண்டறிந்து வைத்திருந்தனர், நல்லாசிரியரும் அத்தகையவரே என்று ஒரு பத்தி. அட்டையில் உங்கள் பெயர். நான் வட்டம் போட்டு எடுக்கவைத்த அதே பொய், இத்தனை வருஷம் கழித்து, உங்கள் கையால் எழுதிய மாதிரி, உங்கள் புத்தகத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சிஸ்டராவது பசைதான் போட்டார். ஒட்டியதைப் பிரிக்கலாம். வெட்டியதை என்ன செய்வது?

செல்வத்துக்குப் போன் செய்தேன்.

"அம்மா, இது ஸ்கூல் லைப்ரரிக்குப் போற பதிப்பும்மா. உயிரோட தின்னுதுன்னு போட்டா டீச்சருங்க எடுக்க மாட்டாங்க. பசங்க பயந்துருவாங்க."

"பசங்க பயப்பட மாட்டாங்க. தட்டான் வாலில் நூல் கட்டறவங்க அவங்க. பயப்படறது நீங்க."

"பெரியவங்க சொன்னது ஒண்ணு இருக்குல்லம்மா. அதை ஏன் பொய்னு நாம சொல்லணும்?"

"பொய்னு அவர் சொல்லலை. பாதி பார்த்தாங்கன்னு சொன்னார். மீதியை அவர் உட்கார்ந்து பார்த்தார். அந்த மீதியைத்தான் நீங்க வெட்டியிருக்கீங்க."

பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஐயாவே சொன்னாங்கம்மா. போன்ல. 'சரிடே செல்வம், ஒனக்கு எப்படித் தோணுதோ அப்படி மாத்திக்கோ'ன்னு."

"எப்ப?"

"கடைசியா ஆஸ்பத்திரிலேருந்து வீட்டுக்கு வந்தாங்கள்ல, அப்ப."

"எழுதிக் குடுத்தாரா?"

"ஐயா வார்த்தைக்கு எழுத்து எதுக்கும்மா?"

நான் போனை வைத்துவிட்டேன். அவர் குரல் எனக்குப் பொய்யாகப் படவில்லை. நீங்கள் அப்படியேதான் பேசுவீர்கள். அந்த 'சரிடே'யை யாரும் கற்பனை செய்ய முடியாது.

சொன்னீர்களா?

உங்கள் 'சரி'யை அறிந்தவள் நான். கிரெடிட் கார்டு விற்கக் கூப்பிடும் பெண்ணுக்கும் "சரிம்மா, அனுப்பும்மா" என்பீர்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் பச்சை அடிக்கட்டுமா என்றால் சரி. யாருக்கும் மனம் நோகக்கூடாது. நோகவைக்கிற வேலையை எனக்கு விட்டுவிட்டீர்கள். நீங்கள் சரி சொன்ன ஒவ்வொன்றுக்கும் பின்னால் போய் முடியாது என்று சொன்னவள் நான். காலனி முழுவதும் நீங்கள் தங்கம், நான் தகரம். இன்றைக்கும் அப்படித்தான். செத்த பிறகும் நீங்கள் சரி சொல்கிறீர்கள், நான் முடியாது என்கிறேன். மண்டபம் உங்களுக்காக அழுகிறது, என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறது.

சொல்லியிருந்தால், என்ன நினைத்துச் சொன்னீர்கள்? மருந்து மயக்கமா? போனை வைத்தால் போதும் என்றா? அதையெல்லாம் நான் மன்னித்துவிடுவேன். ஆனால் தெளிவோடு, இரண்டு பக்கம் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்துச் சொல்லியிருந்தால்? அப்படியென்றால் அந்த ஜன்னல் முன்னால், இட்லியைத் தள்ளிவிட்டு, பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது யார்? நான் யாரோடு அத்தனை காலம் குடித்தனம் செய்தேன்?

இதை நளினியிடம் கேட்டேன். நம் பெண் இன்னும் பட்டான்செரு பக்கம் மருந்துக் கம்பெனியில்தான் இருக்கிறாள், தரச் சோதனைப் பிரிவில் பெரிய அதிகாரியாகிவிட்டாள். ஒரு மாத்திரையில் இம்மி கூடினாலும் முழு லாட்டையும் திருப்பி அனுப்புகிறவள். அவள் சொன்னாள்:

"வதிலேய் அம்மா, விட்டுடு. யாரும்மா அதையெல்லாம் பார்க்கப் போறாங்க? அப்பா புக் வந்தா போதும்ல?"

"உன் மாத்திரையில் கலப்படம் பண்ணி, யார் பார்க்கப் போறாங்கன்னு சொன்னா?"

"மாத்திரை வேற, மா. அது உயிரு. இது புக்கு."

உங்கள் மகள். என் வயிற்றில்தான் பிறந்தாள் என்பதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது.

இந்த மழை ஓய்ந்த பிறகு ஒரு செய்தி. காலனி வீட்டை விட்டு நாம் குடிவந்த ஏ.எஸ்.ராவ் நகர் ஃபிளாட்டில் சந்தனமாலை போட்ட உங்கள் படத்தின் மரச்சட்டத்தில், வலது பக்கம், ஒரு குளவி மண் கூடு கட்டியது. பால்கனிக் கதவை நான் திறந்தே வைப்பது உங்களுக்குத் தெரியும். மாடி வீட்டு லட்சுமி கீரை கொடுக்க வந்தவள் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அங்கிளே வச்சாரு ஆன்ட்டி" என்று தெலுங்கில் சொன்னாள், நீங்களே வந்துவிட்டீர்களாம்.

"அங்கிள் வரலை. குளவி வந்திருக்கு. இந்தச் சட்டம் வார்னிஷ் போய்ச் சொரசொரப்பா இருக்கு, மண் நல்லா ஒட்டும்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அவள் சொன்னதை நம்ப ஒரு நிமிஷம் ஆசையாக இருந்தது. ஆசையாக இருந்தது என்பதுதான் நான் பார்த்தது. நீங்கள் வந்தீர்கள் என்பது நான் பார்த்ததல்ல.

அந்த ஞாயிற்றுக்கிழமை நளினி வந்தாள். படத்தைப் பார்த்தவுடன் துடைப்பத்தை எடுத்தாள். "சீ, அப்பா ஃபோட்டோ மேல மண்ணு."

"கையை எடு" என்றேன்.

என் கை இப்போது நடுங்குகிறது, மிஸ்டர் பிள்ளை. அதனால் நகவெட்டியை அவளிடம் கொடுத்து, எங்கே சுரண்ட வேண்டும் என்று காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தாள். ஆனால் கம்பெனியில் பழகிய கை, மண்ணில் ஒரு பொடிகூட உள்ளே விழவில்லை. பழைய கண்ணாடித் துண்டு என் தையல் பெட்டியில் இருந்தது. மெழுகு வைத்து ஒட்டினாள். உள்ளே பார்த்தாள். வெள்ளைப் புழு முதலாவது பச்சைப் புழுவில் வாய் வைத்திருந்தது. மற்றவை நெளிந்துகொண்டிருந்தன.

"உயிரோட இருக்கும்மா" என்றாள்.

"ஆமாம்."

"அப்ப அந்தக் கதை?"

"உன் அப்பா எழுதியிருக்கிறார். அந்த இரண்டு பக்கம்."

முகத்தைச் சுளித்துக்கொண்டு கை கழுவப் போனாள். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள், உங்களைப் போலவே. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து போன் வந்தது. எப்போதும் பிபி மாத்திரை போட்டாயா என்றுதான் ஆரம்பிப்பாள்.

"அம்மா, இன்னைக்கு எத்தனை மிச்சம்?"

கண்ணாடிமேல் ஒட்டியிருந்த கறுப்புத் தாளைத் தூக்கிப் பார்த்துச் சொன்னேன். அதற்கு அடுத்த நாளும் கேட்டாள். தான் நூற்ற கூட்டுக்குள் அந்த வெள்ளைப் புழு ஒடுங்கிய பிறகு, அந்த வாரக் கடைசியில், அவளே பேச்செடுத்தாள். "செல்வம் அங்கிள் எனக்கும் போன் பண்ணார் மா, உன்கிட்ட சொல்லி கையெழுத்து வாங்கித் தரச் சொல்லி. நான் நக்கோன்னு சொல்லிட்டேன்." என் வார்த்தையை அவள் வாயில் கேட்டது இதுதான் முதல் தடவை.

எனவே நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நீங்கள் செல்வத்திடம் சரி என்று சொன்னீர்களா இல்லையா என்பதை இனி யாராலும் பார்க்க முடியாது. அதற்கு ஒரு வட்டம் போட்டு அப்படியே வைத்துக்கொள்கிறேன். சாகும்வரை அது என்னைக் குடையும், குடையட்டும். ஆனால் நீங்கள் சரி சொல்லியிருந்தாலும் அது செல்லாது. அந்த ஜன்னலில் பார்த்தது இரண்டு பேர். அதில் ஒருத்தி இன்னும் உயிரோடு இருக்கிறாள், அவள் சரி சொல்லவில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் பெயரைத் தாங்கிக்கொண்டு அந்தப் பொய் என் காலத்தில் அச்சேறாது. புத்தகம் வராமலே போனால் போகட்டும். என் காலத்துக்குப் பிறகு நளினி இருக்கிறாள், அவளும் பார்த்துவிட்டாள். படத்தின் சட்டத்திலிருந்து அந்தக் குளவி மண்ணைக் கடித்துக்கொண்டு வெளியே வரும் நாளில், எது வந்தது, எப்படி வந்தது என்று உங்கள் முகத்துக்கு நேரே நின்று சொல்கிறேன். ஒருவேளை ஒன்றுமே வராமல் போனாலும், வரவில்லை என்றே சொல்வேன்.

செல்வம், மலரை உங்களுக்கும் அனுப்புவார்கள், நீங்களும் இதைப் படிப்பீர்கள். ஐயா என்ன சொன்னார் என்பதை விட்டுவிடுங்கள். குளவிப் பகுதியின் கடைசி இரண்டு பக்கங்களை, ஒரு சொல்லும் மாறாமல், திரும்பச் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா? போனில் வேண்டாம். யார் மூலமாகவும் வேண்டாம். எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு, பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மிஸ்டர் பிள்ளையின் மனைவி,
நளினியின் தாய்,
கனகவல்லி
ஏ.எஸ்.ராவ் நகர், ஹைதராபாத்